காலேஜு மாணாக்கர்களும் மனோவியாகூலமும்

(நெய்வேலி நகரியத்தில் தொழிலாளர்களும், மாணாக்கர்களும், பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடவுளைப்பற்றியதும் அல்ல, புராணத்தைப்பற்றியதும் அல்ல. காலேஜுக்குப் போன நம் பிள்ளைகள் அங்கே மனமுடைந்து போகிறார்களே, அதற்குக் காரணம் என்ன, அந்த நேரத்தில் அவர்களுக்கு யார் துணை என்பதேயாகும். காலேஜு வாசலை மிதித்திராத நமக்கு இதைப் பேச என்ன யோக்கியதை என்று யாரேனும் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். படித்தவர்கள் இதை வாய்விட்டுப் பேசாமல் மூடி வைத்திருப்பதனால், படியாத நாம் பேசவேண்டியதாயிற்று என்பதே நமது சமாதானம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சர்க்கார் குற்றப்பதிவு இலாகாவின் கணக்குப்படி 2022ஆம் வருஷத்தில் இந்தியாவில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் 1,70,924 பேர். இவர்களில் மாணாக்கர்கள் மாத்திரம் 13,044 பேர். அதாவது நாளொன்றுக்கு முப்பத்தைந்து பிள்ளைகளுக்குக் குறையாது. இதிலே கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்றுண்டு. பரீட்சையில் தேறாமையே காரணமென்று எழுதப்பட்ட சாவுகள் 2,248தான். அப்படியானால் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன குறை? "படிக்கிற பிள்ளைக்குப் படிப்பைத் தவிர வேறு என்ன கவலை?" என்று நம் வீடுகளில் கேட்கிறோமே, அந்தக் கேள்வி எவ்வளவு அர்த்தமற்றது என்பதற்கு இந்தக் கணக்கே போதாதா?

இந்த நகரியத்திலேயே யோசித்துப் பாருங்கள். இங்கே ஒரு பிள்ளை பிறந்ததிலிருந்து தன் தகப்பனாரின் கிரேடு இன்னதென்று குவார்ட்டர்ஸின் அளவைப் பார்த்தே தெரிந்துகொள்கிறது. எந்த வட்டத்தில் குடியிருக்கிறாய், அப்பா நிரந்தரமா, காண்டிராக்டா என்று கேட்டுத்தான் விளையாட்டுத் தோழமை கூட ஏற்படுகிறது. சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கூலிக்கு நிற்கிற கிராமத்துப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. இந்தப் பிள்ளைகள் எல்லாம் ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்கோ, சென்னைக்கோ, கோயமுத்தூருக்கோ போகின்றன. அதுவரை தமிழில் பாடங்கேட்ட பிள்ளைக்கு அன்றைக்கே எல்லாம் இங்கிலீஷாகி விடுகிறது. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தவன் அங்கே நாற்பதாவது ஆளாகிறான். தகப்பனார் கடன் வாங்கிக் கட்டின பணம் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஊரிலிருந்து போன் வந்தால் "நன்றாயிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டு அழுகிறான். பெண்ணாயிருந்தால் அழுவதற்கும் வழியில்லை. அழுகிறாள் என்று தெரிந்தால் படிப்பை நிறுத்திக் கலியாணத்தைப் பேசிவிடுவார்களோ என்கிற பயம் இன்னொரு பக்கம்!

இதற்கெல்லாம் நம்மவர்கள் கைவசம் வைத்திருக்கும் மருந்து என்ன? தலையெழுத்து என்பார்கள். ஏழரைச் சனி என்பார்கள். போன ஜன்மத்துக் கர்மம் என்பார்கள். தோழர்களே! பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று தூக்கமில்லாமல் தவிக்கும்போது, "நீ அனுபவிப்பதெல்லாம் நீ செய்த பாவத்தின் கூலி" என்று சொல்லுவதைவிடப் பெரிய கொடுமை உண்டா? துன்பப்படுகிறவனையே குற்றவாளியாக்கிவிட்டு, துன்பம் கொடுத்தவனைத் தப்பவிடுவதற்குச் செய்த ஏற்பாடல்லவா இது?

நம் நெய்வேலி நடராசர் கோயிலிலே குறைகளை எழுதிப் போடுவதற்கென்று ஒரு பெட்டியும், அடிப்பதற்கு ஒரு மணியும் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மனுநீதிச் சோழன் கதையைப் பார்த்துச் செய்த ஏற்பாடு. அதில் மனுப் போடுகிறவர்களைக் கேலி செய்ய நாம் வரவில்லை. ஒரு மனிதன் தன் மனத்திலுள்ளதைக் காகிதத்தில் எழுதுகிறான் என்றால், யாராவது இதைப் படிக்கமாட்டார்களா என்கிற தாகம் அவனுக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்தத் தாகம் நிஜமானது. விலாசம்தான் தப்பு. அந்த மனுவை வாங்கி, படித்து, மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு "உட்கார், என்ன நடந்தது சொல்" என்று கேட்கக்கூடிய ஒரு மனித ஜீவன் காலேஜிலே இருக்கவேண்டும் என்பதுதான் நம் கட்சி. கற்சிலை கேட்காது. வார்டன் கேட்கலாம். கேட்கும்படி அவரைச் செய்யலாம். கேட்காத வார்டனை மாற்றவும் செய்யலாம்!

நிற்க, கேட்க ஆளில்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நமக்குப் பக்கத்துச் சிதம்பரத்திலே, 1996ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த நாவரசு என்னும் மாணாக்கரை மேல் வகுப்பு மாணாக்கன் ஒருவன் கொலை செய்தான். ராகிங் என்கிற அயோக்கியத்தனத்தின் முடிவு அது. அந்தப் பிள்ளையின் தகப்பனார் யார்? சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்தவர். துணைவேந்தர் மகனுக்கே ஹாஸ்டலில் பாதுகாப்பில்லை என்றால், காண்டிராக்டுக் கூலியின் மகனுக்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சாவுக்குப் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்கத் தனிச்சட்டம் வந்தது. கேஸ் நடந்து, தண்டனை விதிக்கப்பட்டு, ஹைகோர்ட்டில் விடுதலையாகி, கடைசியில் 2011இல் சுப்ரீம் கோர்ட்டார் தண்டனையை உறுதிசெய்தார்கள். பல்கலைக்கழக மானியக்குழு 2009இல் நாடு முழுவதற்கும் விதிகளைச் செய்து, 1800-180-5522 என்ற இலவச டெலிபோனையும் வைத்தது. ஒரு பிள்ளையின் உயிர் போய்த்தான் சட்டம் வரவேண்டுமென்பது நம் நாட்டு வழக்கம் போலும்!

ராகிங்காவது கண்ணுக்குத் தெரிகிறது. ஜாதி இருக்கிறதே, அது தெரியாமலே அறுக்கும். பெயரைக் கேட்பான், ஊரைக் கேட்பான், "எந்தத் தெரு?" என்பான், ராங்கைக் கேட்பான். நாலாவது கேள்வியில் உன் ஜாதி அவனுக்குத் தெரிந்துபோகும். அதற்குப் பிறகு நீ நன்றாகப் படித்தால் "கோட்டாவில் வந்தவனுக்கு இவ்வளவு வருகிறதே" என்பான். படிக்காவிட்டால் "கோட்டாதானே" என்பான். ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் மாண்டார். பம்பாயில் பாயல் தாட்வி என்கிற ஆதிவாசிப் பெண் டாக்டர், மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர், 2019 மே மாதத்தில் மாண்டார். இருவருடைய தாய்மார்களும் சேர்ந்து அந்த வருஷமே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். காலேஜுகளில் ஜாதிபேதம் காட்டுவதைத் தடுக்க 2012இலேயே விதி செய்திருந்தும் அது ஏட்டளவில் நிற்கிறதே என்பதுதான் அவர்கள் முறையீடு. இந்தத் தாய்மார்கள் விதியே என்று மூலையில் உட்காரவில்லை என்பதை நம் தாய்மார்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

ரோஹித்தின் சாவைப்பற்றிப் பேசுகிற மேடைகளில் சிலர் அதைத் தியாகமென்றும் வீரமென்றும் வர்ணிக்கிறார்கள். நமக்கு அது கொஞ்சமும் சம்மதமில்லை. சாவில் வீரம் ஒன்றும் கிடையாது. அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இன்றைக்கு எத்தனை பேருக்குத் துணையாயிருந்திருப்பார்! போனது நஷ்டம். நஷ்டத்தை நஷ்டமென்றே சொல்லவேண்டும். அப்படிப் புகழுகிறவர்கள், எங்கோ அறையில் தனியாய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற இன்னொரு பிள்ளைக்கு என்ன சேதி சொல்லுகிறோம் என்று யோசிப்பதில்லை.

இது புதிதாக வந்த வியாதியா என்றால், இல்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் 1924, 25இல் பிராமணப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் சாப்பாடு, மற்றப் பிள்ளைகளுக்கு வேறிடத்தில் சாப்பாடு என்று வைத்து, நாடே கிளம்பிற்று. அதெல்லாம் பழங்கதை என்று சொல்லுகிறவர்களுக்கு, 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. சாப்பாட்டுக் கூடத்தில் சைவத்துக்குத் தனிவாசல், கை கழுவத் தனியிடம் என்று நோட்டீசு ஒட்டி, மாணாக்கர்கள் கிளர்ச்சி செய்த பிறகு எடுத்தார்களே, அதை ஞாபகப்படுத்துகிறோம். ஒரு பிள்ளை மூன்று வேளையும் இன்ன வாசலில் நுழை, இன்ன குழாயில் கழுவு என்று படித்துக்கொண்டே சாப்பிட்டால் அதன் மனம் எப்படியிருக்கும்? இதற்கு மனோதத்துவப் புத்தகம் படிக்க வேண்டுமா?

அந்தக் காலத்திலும் கேட்க ஆள் இருந்தார்கள். சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடங்கிடைக்காமல் திண்டாடியபோது, திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் நடேசனார் 1916இல் "திராவிடர் இல்லம்" என்று ஒரு விடுதியை ஏற்படுத்தினார். அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டு "மனோதிடத்தோடு இருங்கள்" என்று பிரசங்கம் செய்து அனுப்பிவிடவில்லை. படுக்க இடம், பசிக்குச் சோறு, பேச்சுக்குத் துணை என்று செய்துகொடுத்தார். அந்த விடுதி சில வருஷங்களே நடந்தது. அதில் இருந்து படித்தவர்களில் ஒருவரான ஆர். கே. ஷண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியானார். மற்றொருவரான டி. எம். நாராயணசாமிப் பிள்ளை இதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரானார். எல்லோரும் மந்திரியாக வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நிற்க இடம் கிடைத்த பிள்ளை நிமிர்ந்து நிற்கும் என்பதற்காகச் சொன்னோம்.

இனி, சுரங்கத்தில் வேலை செய்கிற தோழர்களுக்கு ஒரு விஷயம். நிலக்கரிப் படுகைக்கு அடியிலே ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது என்பது நம்மைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். 1957 மே மாதத்தில் நேரு இந்தச் சுரங்கத்தைத் துவக்கிவைத்தபோது இஞ்சினீயர்களுக்கு இருந்த பெரிய கவலையே அதுதான். மேல்மண்ணை வெட்ட வெட்ட, மேலிருந்த பாரம் குறைந்து, கீழே இருக்கிற தண்ணீர் சுரங்கத் தரையையே உடைத்துக்கொண்டு வந்துவிடும். அதற்கு என்ன செய்தார்கள்? தண்ணீருக்குப் பூஜை போட்டார்களா? "தண்ணீரே, தைரியமாயிரு" என்று உபதேசம் பண்ணினார்களா? சுற்றிலும் குழாய்க் கிணறுகளைத் தோண்டி, ராப்பகலாய்ப் பம்பு வைத்து இறைத்து, அழுத்தத்தைக் குறைத்தார்கள். 1961இல் கரி கண்ணில் பட்டது. அன்று முதல் பம்பு ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஒருநாள் இறைத்தோம், தீர்ந்தது என்று நிறுத்தினார்களா? மனத்திலுள்ள அழுத்தமும் ஏறக்குறைய அப்படித்தான். யாரிடமாவது பேச வேண்டும், ஒருமுறை பேசினால் போதாது, தொடர்ந்து பேச வேண்டும். பேசுகிறவனுக்கு அது பலவீனமல்ல. பம்பு வைத்த சுரங்கத்தைப் பலவீனமான சுரங்கம் என்று எவனாவது சொல்லுவானா?

இதை நம் இயக்கத் தோழர்களில் சிலரும் கேட்கவேண்டும். "பகுத்தறிவுள்ளவனுக்கு மனக்கவலை ஏன்? கடவுளையே விட்டவன் இதற்கா கலங்குவான்?" என்று சிலர் பேசுகிறார்கள். பகுத்தறிவு என்பது என்ன? காரணத்தைத் தேடுவதும், காரணத்துக்குத் தக்க காரியம் செய்வதும்தானே? பல் வலித்தால் பல் டாக்டரிடம் போகிறீர்கள். மூளையும் உடம்பிலுள்ள ஒரு உறுப்புத்தான். அது நோகாது, நோகக்கூடாது என்று சொல்லுவது ஆத்மா இருக்கிறது என்று சொல்லுகிறவனுடைய வாதமே தவிர, நம்முடைய வாதமல்ல.

வருத்தத்துக்கும் வியாதிக்கும் வித்தியாசம் எப்படித் தெரிந்துகொள்வது என்றால், டாக்டர்கள் சொல்லுகிற கணக்கு இது. பரீட்சையில் தோற்றால் நாலுநாள் அழுவது இயற்கை. இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், முன்பு ஆசையாய்ச் செய்தவை எதிலும் மனம் போகாமல், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்கிற எண்ணமே சுற்றிச்சுற்றி வந்தால் அதற்கு வைத்தியம் தேவை. பேச்சினாலே செய்கிற வைத்தியம் உண்டு, மருந்தும் உண்டு. மருந்து குணங்காட்ட இரண்டு மூன்று வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நாலுநாளில் ஒன்றும் தெரியவில்லை என்று வீசிவிடக்கூடாது. குணமான உடனே டாக்டரைக் கேளாமல் நிறுத்தவும் கூடாது.

இன்னொன்று, தோழனாயிருக்கிறவன் முக்கியமாய்த் தெரிந்துகொள்ள வேண்டியது. பக்கத்து அறைப் பையன் தன் சாமான்களையெல்லாம் பிறருக்குக் கொடுக்கிறான், இனி நான் இல்லாவிட்டால் நல்லது என்கிறான், யாரோடும் பேசாமல் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றால், "உயிரை விட்டுவிடலாமென்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகும் என்று பயப்படுகிறார்கள். அது தப்பு. உலக சுகாதார ஸ்தாபனத்தாரே அந்தப் பயம் ஆதாரமற்றதென்று சொல்லியிருக்கிறார்கள். கேட்பதனால் பாரம் இறங்குகிறது. "ஆம்" என்று சொன்னால், ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதே. தனியே விடாதே. கூடவே இருந்து ஒரு பெரியவரிடமோ, ஆஸ்பத்திரிக்கோ அழைத்துக்கொண்டு போ.

ஆஸ்பத்திரிக்கு என்கிறோம். பூசாரியிடம் அல்ல, மந்திரிக்கிறவனிடம் அல்ல. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி என்ன நடந்தது? தர்க்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் கருகிப்போனார்கள். சங்கிலியிருந்ததனால் ஓட முடியவில்லை. கோயிலானாலும் தர்க்காவானாலும் மாதாகோயிலானாலும், மனநோயைப் பேயென்று சொல்லுகிற இடமெல்லாம் நமக்கு ஒன்றுதான். 2017இல் செய்த மனநலச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாதென்று தடுத்திருக்கிறது. மனநல வைத்தியம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமையென்றும், நோயாளியின் சங்கதியை வைத்தியர் வெளியிடக்கூடாதென்றும் சொல்லுகிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கொண்டு, அவரைக் கவனிப்பது சர்க்காரின் கடமையென்றும் சொல்லுகிறது. முன்பு அதைக் குற்றமாக்கியிருந்த பழைய பீனல் கோடே 2024 ஜூலையோடு போய்விட்டது. ஆகவே போலீசுக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் மறைத்து வைக்காதீர்கள்.

போன் செய்ய எங்கே என்றால், 14416 என்ற நம்பர். 2022 அக்டோபரில் துவக்கியது. காசில்லை, ராப்பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் நடந்துவரும் "ஸ்நேகா" ஸ்தாபனத்தின் நம்பர் 044-24640050. நேரில் போகவேண்டுமானால் கடலூர் ஜில்லா தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. இதற்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்துப் பேசுகிற வாயை முதலில் வீட்டில் மூடுங்கள்.

பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொன்னோம். காலேஜு நடத்துகிறவர்களுக்கு ஒன்றுமில்லையா? அவர்களுக்குத்தான் அதிகம். 2022 டிசம்பரில் தமிழ்நாடு சர்க்கார் "மனம்" என்ற பெயரில் மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் துவக்கியது. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டார், காலேஜு மாணாக்கர்களின் சாவுகளை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு குழுவைப் போட்டார்கள். அதே வருஷம் ஜூலை 25ஆம் தேதி வேறொரு கேஸில் இன்னும் திட்டமாய்ச் சொல்லிவிட்டார்கள். நூறு பிள்ளைகளும் அதற்கு மேலும் படிக்கிற ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் தேர்ச்சிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டும். மார்க்கைப் பார்த்துப் பிள்ளைகளை வேறு வேறு வகுப்பாய்ப் பிரிக்கக்கூடாது, நாலுபேர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது. உபாத்தியாயர்களுக்கும் மற்றச் சிப்பந்திகளுக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இதில் பயிற்சி கொடுக்கவேண்டும். 14416 முதலான நம்பர்களை ஹாஸ்டலிலும் வகுப்பிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டும். இவைகளெல்லாம் யாருடைய தயவும் அல்ல, உத்தரவு.

உத்தரவு போட்டால் நடந்துவிடுமா? மேலே சொன்ன 2012 விதியின் கதி தெரியுமல்லவா? எனவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிற பெற்றோர்களின் பிள்ளைகள் எந்தெந்தக் காலேஜில் படிக்கிறார்களோ, அந்தந்தப் பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம். உங்கள் காலேஜில் மனநல ஆலோசகர் யார், அவர் எந்த அறையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருக்கிறார், நம்பர்கள் எந்தச் சுவரில் எழுதியிருக்கின்றன என்று அதில் கேட்டிருக்கிறது. பதில் வந்தால் அடுத்த கூட்டத்தில் படிப்போம், வராவிட்டால் எந்தக் காலேஜிலிருந்து வரவில்லை என்பதையும் படிப்போம். காகிதங்கள் மேடைக்கு இடதுபுறத்து மேஜையில் இருக்கின்றன. கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்களுக்கு எழுதிக்கொடுக்க இரண்டு மாணவிகள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.